டேங்கில் தண்ணீர் புகுந்த டீசல் வண்டி: எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மீன் ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். பி.எஸ்.6 வண்டி, வாங்கி 4 வருடம் ஆகிறது, இன்னும் 14 தவணை பாக்கி. 9 நாள் முன்பு, ராத்திரி முழுக்க மழை பெய்து விட்ட காலையில், 30 லிட்டர் டீசல் போட்டார். கொஞ்ச தூரத்திலேயே வண்டி திக்கியது. சொட்டுப் படம் போட்ட விளக்கும் எரிந்தது. மீன் கெட்டுவிடும் என்று இன்னும் 5 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார், அப்புறம் நின்றேவிட்டது. பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்திருக்கிறார். டேங்கை இறக்கி வடித்து ஒரு கேனில் பிடித்தோம், அடியில் 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாம் மாற்ற வேண்டும், 1,90,000 ரூபாய் என்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக் அதெல்லாம் வேண்டாம், ஃபில்டரை மாற்றி 2 லிட்டர் பெட்ரோல் கலந்து ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார். டீசல் போட்ட பங்கில் கேட்டால், உங்கள் டேங்கிலேயே வேர்த்த தண்ணீர் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, வண்டியில் யாரும் சாவியைக்கூடத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்காவிட்டாலும், பல வண்டிகளில் சாவி போட்டதும் டேங்கில் இருக்கும் எலெக்ட்ரிக் பம்பு ஓடி, லைனில் மிச்சம் இருக்கும் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது.

அடுத்து, அந்த 1,90,000 ரூபாய்க்குச் சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். நாமக்கல்லில் 26 வருடமாக டீசல் பம்பும் நாசிலும் (இன்ஜெக்டரில் டீசல் பீய்ச்சும் முனை) பார்த்து வருகிறேன். இப்படி நிற்கிற வண்டிக்குப் பெரிய செலவா, நடுத்தரச் செலவா என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு கேள்விதான்: ஹை பிரஷர் பம்பு உள்ளே தேய்ந்து உலோகத் தூள் விட்டிருக்கிறதா, இல்லையா? சர்வீஸ் சென்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாம் மாற்றச் சொன்னதா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்காமலே சொல்லியிருந்தால், அது பயத்தில் போட்ட எஸ்டிமேட். உங்கள் உள்ளூர் மெக்கானிக் பார்க்காமலே தைரியம் சொல்வதும் அதே மாதிரிதான்.

ஏன் பம்பைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், உங்கள் வண்டி காமன் ரெயில் வண்டி. அதாவது, ஹை பிரஷர் பம்பு அமுக்கித் தரும் டீசல் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் நின்று, அங்கிருந்து இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும். பிக்கப் டயரில் இருக்கிற காற்றின் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். இந்தப் பம்பு டீசலை அமுக்கித் தருவது, வண்டி சும்மா நின்று ஓடும்போதே ஏறக்குறைய 300 பார். லோடோடு இழுக்கும்போது 1600 பாரைத் தாண்டும். அவ்வளவு அழுத்தம் கசியாமல் நிற்க, உள்ளே டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விடுவார்கள். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியும். இவ்வளவு நெருக்கமாக உரசும் பாகங்களுக்குத் தனியாக ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலேதான் ஆயில். டீசல் போக வேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் உலோகமும் உலோகமும் நேராக உரசும்.

அந்தக் காலத்து லாரிகளில் இருந்த இன்லைன் பம்பு வேறு. பிளஞ்சரைத் தள்ளும் கேம் பக்கத்துக்கு அதில் இன்ஜின் ஆயில் இருந்தது, அழுத்தமும் குறைவு. தண்ணீர் வந்தால் டிரைவரே ஓரம் கட்டி, ஃபில்டரைக் கழற்றிக் கொட்டி, ஏர் எடுத்துவிட்டு, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டுப் போய்விடுவார். உங்கள் மெக்கானிக் சொல்வது அந்த அனுபவத்தில் வந்த வைத்தியம். அன்றைக்கு அது தப்பில்லை. உங்கள் வண்டிக்கு ஒத்துவராது.

பெட்ரோல் கலக்கவே கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது. கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழவழப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. அதை ஈடுகட்டத் தனியாக மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த வழவழப்பையும் பெட்ரோல் கரைத்துவிடும். ஏற்கெனவே தண்ணீரில் அடிபட்ட பம்புக்கு அது இரண்டாவது அடி. மண்ணெண்ணெய்க்கும் இதே பதில்தான். கடைகளில் விற்கிற, தண்ணீரைக் கரைத்துவிடும் ஸ்பிரிட் வகை மருந்துகளையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. தனியாக நின்றால் ஃபில்டர் பிரித்துவிடும் தண்ணீர், டீசலோடு கலந்துவிட்டால் ஃபில்டரைத் தாண்டி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். அங்கே சூட்டில் ஆவியாகி நாசில் முனையை அரிக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஹை பிரஷர் பம்பின் மேல், உள்ளே வருகிற டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு இருக்கும். மீட்டரிங் வால்வு என்போம். ஐ.எம்.வி., எஸ்.சி.வி. என்று வண்டிக்கு வண்டி பெயர் மாறும். பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூதான். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வால்வின் வாயையும் பம்பில் அது உட்காரும் குழியையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளிப் பொடி தூவியது மாதிரி மின்னினால் பம்பு தேய்ந்துவிட்டது. மின்னாமல் செம்மண் நிறக் கறை மட்டும் இருந்தால் அது துரு. துரு நல்லதல்ல, ஆனால் இன்னும் வழி இருக்கிறது. துணியில் வெறும் டீசல் ஈரம் மட்டும் இருந்தால், உங்கள் பணத்தில் பெரும்பகுதி தப்பிவிட்டது.

ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம், தூள் இல்லை என்று யாராவது சொன்னால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஃபில்டர் இருப்பது பம்புக்கு முன்னால். பம்பு விட்ட தூள் முதலில் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும், அங்கிருந்து மறுபடி கிளம்பினால்தான் ஃபில்டரில் மாட்டும். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சுற்று முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வால்வுதான் முதல் சாட்சி.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போன பின், வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். டேங்கில் தண்ணீர். வடித்து, கழுவி, ஃபில்டர் மாற்றினேன். ஸ்டார்ட் ஆனது, சத்தமும் சுத்தமாக இருந்தது. நிவாரணச் சாமான் ஏற்ற வேண்டிய வண்டி, அவசரம் என்றார்கள். வால்வைத் திறக்காமலே அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் அதே வண்டி திரும்பி வந்தது. வால்வைக் கழற்றித் துணியில் துடைத்தேன், துணி முழுக்க மினுமினுப்பு. நான்கு இன்ஜெக்டரும் போயிருந்தன. புயலில் அடிபட்ட அந்த வண்டிக்காரர் வீட்டுக் கூரையே இன்னும் போட்டு முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் தண்ணீர் கேஸ் எது வந்தாலும் அந்த வால்வைத் திறக்காமல் சாவி போடுவதில்லை.

உங்கள் வண்டியில் தூள் இல்லை என்றால் செய்ய வேண்டிய வேலை இதுதான். டேங்கை இறக்கிவிட்டீர்கள், நல்லது. அதைக் கழுவித் துடைத்துக் காய வைக்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்பின் வலையையும் பார்க்க வேண்டும். பம்பு வரை போகிற லைனையும் ரிட்டர்ன் லைனையும் காற்றடித்துச் சுத்தமான டீசல் விட்டு அலச வேண்டும். ஃபில்டர் புதிது. பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுப்பதை ஃபில்டர் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தில், இன்ஜின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின அளவுதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர் நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு லீக் ஆஃப் டெஸ்ட்டும் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ட்யூபையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மூன்று பாட்டிலில் கால்வாசி நின்று ஒன்றில் மட்டும் முக்கால் நின்றால், அந்த ஒன்று கசிகிறது. சந்தேகம் வந்த இன்ஜெக்டரை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் ரிப்போர்ட்டே அச்சிட்டுத் தருவார்கள். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் இருக்கும் அடையாளக் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக வண்டிக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் புதிது போட்டும் இன்ஜின் நடுங்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். மூலையில் தங்கிய தண்ணீரும் துருவும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

துரு மட்டும் இருந்தால், பம்பைக் கழற்றி ஒரு நல்ல பம்பு பட்டறையில் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். இங்கே நாள் கணக்கு முக்கியம். ஏற்கெனவே 9 நாள் ஆகிவிட்டது. தண்ணீர் தங்கிய பம்பு சும்மா நிற்க நிற்க உள்ளே துரு ஏறிக்கொண்டே இருக்கும். பங்கோடு பேச்சுவார்த்தை முடியட்டும் என்று வண்டியை அப்படியே போட்டுவைக்காதீர்கள். வால்வைத் திறக்கும் வேலை நாளைக்கே நடக்க வேண்டும்.

தூள் இருந்தால்? வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அப்போது சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் சரி. பம்பு, ரெயில், இன்ஜெக்டர், ஹை பிரஷர் பைப் எல்லாம் போக வேண்டும். காசு மிச்சம் பிடிக்கப் பம்பை மட்டும் மாற்றினால், ரெயிலில் தங்கிய தூள் இன்ஜெக்டர்களைக் கெடுக்கும், டேங்குக்குத் திரும்பிப் போன தூள் புதுப் பம்புக்கே வந்து சேரும். பாதி வேலை செய்து இரண்டு முறை செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் டேங்கையே புதிதாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். துரு அரிக்காத டேங்கை நன்றாகக் கழுவினால் போதும். ரீகண்டிஷன் செய்த பம்பும் இன்ஜெக்டரும், கேரண்டியோடும் பெஞ்ச் ரிப்போர்ட்டோடும் கிடைத்தால், தவணை கட்டும் வண்டிக்கு அது நியாயமான வழி. ரிப்போர்ட் தராத இடத்தில் வாங்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சாதாரண பாலிசியில் இந்த மாதிரிப் பழுது வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால், அதன் வாசகத்தில் எரிபொருள் கலப்படம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கேளுங்கள்.

இனி பங்க் விஷயம். டேங்கில் வேர்த்த தண்ணீர் என்று அவர்கள் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேர்ப்பது உண்மைதான். பகல் சூட்டில் காற்றில் இருக்கும் ஈரம், ராத்திரி குளிர்ந்ததும் டேங்கின் சுவரில் நீராகப் படியும். 32 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 34 கிராம் ஈரத்தைத் தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம். வித்தியாசம் 12 கிராம். உங்கள் டேங்க் 55 லிட்டர் என்று வைத்து, அது முழுக்கக் காலியாகவே இருந்தாலும், ஒரு ராத்திரியில் முக்கால் கிராம்கூடத் தேறாது. அந்தக் கணக்கில் 2 லிட்டர் தண்ணீர் சேர 8 வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் வண்டிக்கே வயது 4. இதை அவர்களிடம் நேரில் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம்.

ஆனால் அதற்கு முன் உங்கள் பக்கத்தை நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிக்கப்பில் டேங்க் மூடி வெளியே பக்கவாட்டில் இருக்கும். அந்த மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, பூட்டு சரியாக உட்காருகிறதா, டேங்கின் காற்றுக்குழாய் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். மீன் வண்டியைத் தினமும் பிரஷர் வாட்டர் அடித்துத்தானே கழுவுவீர்கள்? அந்தத் தண்ணீர் மூடி வழியாகப் போயிருந்தால் பங்கைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள்: துறைமுகத்தில் போட்டுக்காரர்கள் பேரலிலிருந்து எப்போதாவது டீசல் ஊற்றிக் கொடுத்தார்களா? வெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கும். வெயிலில் சூடாகி ராத்திரி குளிரும்போது, பேரல் அந்தத் தண்ணீரை மூடி வழியாக மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்பார்கள், ஆனாலும் இழுக்கும். பேரலைப் படுக்க வைக்க வேண்டும், அல்லது மூடிப் பக்கம் மேடாக இருக்கும்படி சாய்த்து வைக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்று உறுதியானால் பங்க் மீது கேட்கலாம். டீசல் போட்ட பில் இருக்கிறதா? இல்லையென்றால் போனில் பணம் அனுப்பிய பதிவு போதும், அதில் நேரமும் இருக்கும். கேனில் இருப்பதை வேறு எதிலும் மாற்றாதீர்கள், மூடியை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். நீங்களாகப் பிடித்த சாம்பிளுக்கு, பங்க் மேனேஜர் முன்னால் பிடித்துக் கையெழுத்து வாங்கிய சாம்பிள் அளவுக்கு மதிப்பு இருக்காது. அதனால் அன்று காலை அதே பங்கில் டீசல் போட்டு நின்ற வேறு வண்டி உண்டா என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று வண்டி ஒரே நாளில் நின்றிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

டென்சிட்டி (அடர்த்தி) பார்த்தோம், சரியாக இருந்தது என்று பங்கில் சொல்வார்கள். அந்தச் சோதனை மண்ணெண்ணெய் மாதிரிக் கலப்படத்தைப் பிடிக்கத்தான் உதவும். பூமிக்கடியில் இருக்கும் டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரை அது காட்டாது. தண்ணீரைக் காட்டுவது, டேங்கில் விட்டு அளவு பார்க்கும் டிப் ராடின் நுனியில் தடவும் பேஸ்ட். தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். பங்குகளில் இதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். அன்றைய, அதற்கு மறுநாளைய பதிவை எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரி பார்க்க வேண்டும் என்று பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் காலை என்று நீங்கள் சொன்னது முக்கியமான விவரம். பங்கின் நிலத்தடி டேங்குக்குள் மேன்ஹோல் மூடி வழியாக மழைத் தண்ணீர் இறங்குவது இந்தத் தொழிலில் தெரிந்த சங்கதிதான். அன்று டேங்கர் லோடு இறங்கியிருந்தால், அடியில் தங்கியது கலங்கி மேலே வந்திருக்கும். பட்டறையிலிருந்து எழுத்தில் ஒரு ரிப்போர்ட்டும், கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். பங்கிலும் எண்ணெய் நிறுவனத்திலும் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

வண்டி ஓடத் தொடங்கிய பின்னும் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பொடி போடுங்கள். கடையில் விற்கிற கலர்ப் பொடியைத்தான் சொல்கிறேன். டீசலில் அது கரையாது, பொடியாகவே அடியில் போய் உட்காரும். அடியில் தண்ணீர் இருந்தால் அந்த மட்டம் மட்டும் ஆரஞ்சாக மாறிவிடும். டம்ளரை அப்புறம் சமையல்கட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒரு முறை இப்படி வடித்துப் பார்ப்பதும், டேங்கர் லோடு இறக்கும்போது அந்தப் பங்கில் போடாமல் இருப்பதும் போதும். டீசலில் தண்ணீர் இருப்பதைச் சொல்லும் அந்தச் சொட்டு விளக்கு மறுபடி எரிந்தால், எவ்வளவு மீன் இருந்தாலும், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். மீனுக்கு வேறு வண்டி பிடிக்க ஆகும் வாடகை, ஒரு இன்ஜெக்டர் விலையில் சிறு பங்குகூட வராது.

வால்வைக் கழற்றும்போது உங்கள் கணவர் பக்கத்தில் நிற்கட்டும். துடைத்த வெள்ளைத் துணியை வெயிலில் வைத்து நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அன்றைக்கே எழுதுகிறேன்.